பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கும் பிள்ளைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், பாடசாலையின் றோபோக் கழகத்துக்கு உதவிவரும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, மோட்டாரையும் வயரையும் பற்றரியையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்ட எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, "கடைச் சிட்டையை வாசிக்கப் போறியளோ?" என்று கேட்டாள். ஒருவகையில் அப்படித்தான். ஆனால் அந்தச் சிட்டையை யார் எழுதுகிறார், யார் கடைக்குக் கொண்டுபோகிறார் என்பதில் எங்கள் பிள்ளைகளின் கல்வி பற்றிய பெரிய விடயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லவே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

முதலில், எங்கள் கழகத்துப் பிள்ளைகள் செய்யும் றோபோ என்ன என்று சொல்லிவிடுகிறோம். சினிமாவில் வருவது போல் கைகால் உள்ள மனித உருவம் அல்ல. ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் அளவிலான சிறு வண்டி. வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானே திரும்பித் திரும்பி ஓடும். அதற்கு வேண்டியவை: பற்சில்லுப் பெட்டியுடன் கூடிய மஞ்சள் மோட்டார் இரண்டு, சில்லு இரண்டு, முன்னால் உருளும் சிறு சில்லு ஒன்று, கோட்டைப் பார்க்கும் உணரிகள், நிரலை வைத்திருக்கும் ஆர்டுயினோ பலகை ஒன்று, மோட்டாருக்கு ஓட்டம் வழங்கும் செலுத்திப் பலகை ஒன்று, பற்றரி, ஆளி, கொஞ்சம் வயர். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பொருள்கள்தான். நிரல் எழுதுவதற்குப் பிள்ளைகள் விரைவில் பழகிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வேலையை நிறுத்தி வைப்பது இந்தப் பத்துப் பன்னிரண்டில் ஏதாவது ஒன்றுதான்.

உயர்தர பௌதிகவியலில் இலத்திரனியல் ஓர் அலகு. இருவாயி, திரான்சிற்றர், தர்க்கப் படலை எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகள் அழகாகக் கீறுவார்கள். 2013ஆம் ஆண்டு முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. ஆயினும், திரான்சிற்றரின் குறியீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கீறக்கூடிய பிள்ளையின் கையில் மூன்று கால் உள்ள உண்மையான திரான்சிற்றரைக் கொடுத்தால், எந்தக் கால் எது என்று திகைக்கிறாள். அது அவளது குறை அல்ல. அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பொருள் இல்லாமல் சமாளிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் இங்கே படித்த எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். பொருளாதாரத் தடையின் காலத்தில் வடக்குக்குப் பற்றரி வர அனுமதி இல்லை. மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். இயக்கத்தை மின்னாக்கும் பாடத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே முற்றத்தில் படித்துவிட்டோம். பழைய வானொலியைக் கழற்றி, இன்னொரு வானொலிக்கு உயிர் கொடுத்த திருத்துநர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களும் எங்கள் இலத்திரனியல் ஆசிரியர்கள்தான்.

அந்த வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலம் எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்ப வரக்கூடாது. ஆனால் 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியபோது, முன்னர் ஒரு மாணவி தன் கைக்காசில் வாங்கிய பலகை எட்டாத விலைக்குப் போனது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு நிலவிய காலமும் அதுவே. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய வழக்கம்: கழற்று, பிரி, பெயரைப் படி, மீண்டும் பயன்படுத்து.

ஆகவே பொருள் தேடும் எங்கள் முதலாவது இடம் கடை அல்ல, பழுதான சாமான். ஒரு பழைய அச்சுப்பொறிக்குள் படிமோட்டார், பற்சில்லுகள், பல்லுள்ள பட்டி, நேரான உருக்குக் கம்பி, தாள் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஒளி உணரி எல்லாம் இருக்கின்றன. பழைய சீடி செலுத்தியில் சிறிய மோட்டார்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள பழைய கணினி மின்வழங்கி 3.3, 5, 12 வோல்ற்றுகளைத் தரும். மேசையில் வைத்துச் சோதிப்பதற்கு அது போதும். அதை நாங்கள் திறப்பதில்லை, வெளியே வரும் வயர்களை மட்டுமே பயன்படுத்துகிறோம். கழகத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் எந்தப் பிள்ளையும் திறக்கக்கூடாது. சுவரிலிருந்து செருகியைக் கழற்றிய பின்னரும் அவற்றின் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின் தங்கியிருக்கலாம்.

இரண்டாவது இடம் எங்கள் நகரத்துத் திருத்தும் கடைகள். தடையி, கொள்ளளவி, பற்றாசு, சாதாரண திரான்சிற்றர் போன்றவை அங்கேயே கிடைக்கும். மூன்றாவது கொழும்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகள் வரிசையாக இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது இணையத்தில் விற்று, தபாலிலோ கூரியரிலோ அனுப்பும் உள்நாட்டுக் கடைகளும் உள்ளன. நான்காவதுதான் வெளிநாடு.

இந்த நான்கு இடத்திலும் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்றே. தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிய வேண்டும். "மோட்டார் ஒன்று தாங்கோ" என்றால் கடைக்காரர் கையில் அகப்படுவதைத் தருவார். "3 முதல் 6 வோல்ற்றில் ஓடும், 48க்கு 1 பற்சில்லு விகிதம் உள்ள மோட்டார் இரண்டு" என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.

எங்கள் மாணவி ஒருத்தி இப்படிச் சிட்டையுடன் போனபோது கடைக்காரர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்: "பிள்ளை, இது ஆருக்கு? தம்பிக்கோ?" அவள், "எனக்குத்தான் அண்ணை" என்று சொல்லிவிட்டு, செலுத்தியின் இலக்கத்தைச் சொல்லி, அது இல்லாவிட்டால் எதை மாற்றாக எடுக்கலாம் என்பதையும் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தக் கடையில் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. "புதுச் சாமான் வந்திருக்கு, ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ" என்று அவரே செய்தி அனுப்புகிறார்.

பெயர் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? சில உதாரணங்களைச் சொல்கிறோம்.

சந்தையில் மிக இலகுவாகக் கிடைக்கும் மோட்டார் செலுத்தி எல் 298 என். உறுதியானது, மலிவானது. ஆனால் பழைய வகைத் திரான்சிற்றர்களால் ஆனது. ஓட்டம் அதனூடாகச் செல்லும்போது ஏறத்தாழ 2 வோல்ற்று அதிலேயே இழக்கப்பட்டு வெப்பமாகிறது. நான்கு 1.5 வோல்ற்றுப் பற்றரி போட்டால் மொத்தம் 6 வோல்ற்று. மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 4 அளவில்தான். மீளச் செலுத்தக்கூடிய 1.2 வோல்ற்றுப் பற்றரி நான்கைப் போட்டால் மொத்தமே 4.8, மோட்டாருக்கு 3 வோல்ற்றும் மிஞ்சாது. வண்டி முனகிக்கொண்டு நிற்கும். அதே வேலையைச் செய்யும் டிபி 6612 என்ற சிறிய செலுத்தியில் இந்த இழப்பு மிகக் குறைவு. சிறிய வண்டிக்கு அதுவே பொருத்தம்.

அடுத்தது, எல்லாக் கடையிலும் தொங்கும் 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி. 9 என்பது 6ஐ விடப் பெரிது என்று பிள்ளைகள் அதை வாங்குகிறார்கள். ஆனால் அதன் அகத்தடை கூடியது. இரண்டு மோட்டார் ஒன்றாக ஓட்டம் கேட்டதும் அதன் வோல்ற்றளவு விழுந்துவிடும். ஆர்டுயினோ மயங்கி மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். அகத்தடைக் கணக்கைப் பரீட்சைக்காகச் செய்த பிள்ளை, அதன் பொருளை அந்த இடத்தில்தான் கண்ணால் காண்கிறாள்.

மூன்றாவது, திரான்சிற்றரின் கால்கள். தட்டையான பக்கத்தை உங்களை நோக்கிப் பிடித்தால், பிசி 547இன் கால்கள் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி. 2 என் 3904இல் அதே பக்கம் காலி, அடி, சேகரிப்பான். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடலாம்; ஆனால் திருப்பிப் போட வேண்டும். தரவுத்தாளைப் படித்தவளுக்கே அது தெரியும்.

நான்காவது, தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 உணரி. ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு 2 சென்ரிமீற்றர் முதல் 4 மீற்றர் வரை அளக்கும். ஆர்டுயினோ ஊனோவும் இதுவும் 5 வோல்ற்றில் பேசுவதால் சிக்கல் இல்லை. ராஸ்பெரி பையின் கால்களோ 3.3 வோல்ற்றுக்கானவை. உணரியின் 5 வோல்ற்றை நேரே கொடுத்தால் விலை கூடிய பலகை கெட்டுப் போகலாம். 1000 ஓம், 2000 ஓம் என்று இரண்டு தடையிகளால் வோல்ற்றளவைப் பிரித்துக் கொடுத்தால் போதும். இரண்டு சிறிய தடையிகள் ஒரு பலகையைக் காப்பாற்றுகின்றன.

இந்த உதாரணங்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி ஓடாதபோது பிள்ளை முதலில் எதைச் சந்தேகிக்கிறாள் தெரியுமா? தன்னை. "நான் எழுதின நிரல் பிழையாக்கும், எனக்கு இது சரிவராது" என்கிறாள். உண்மையில் நிரல் சரி, பற்றரிதான் பொருத்தமற்றது. ஒரு ஆண் பிள்ளை அதே இடத்தில் நின்றால், அவனைச் சுற்றி "இன்னொருக்கா முயற்சி செய்" என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு, "உனக்கேன் இந்த வேலை?" என்று சொல்லவே வீட்டிலும் வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பொருத்தமற்ற ஒரு பொருள், அந்தச் சொல்லுக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதனால்தான் பொருள் தேடுவதை வெறும் கடை வேலையாக நாங்கள் நினைப்பதில்லை.

ஆகவே, கழகத்துக்கு வரும் எந்தப் பொருளும் பல்மானியைத் தொடாமல் பெட்டிக்குள் போகாது. தடையியை அளந்து பார்க்கிறோம். மோட்டாரைத் தனியே ஓடவிட்டுப் பார்க்கிறோம். புதிய பலகையில் ஒளியை மின்னவைக்கும் சிறு நிரலை ஏற்றிப் பார்க்கிறோம். பலகை சரியென்று முதலில் உறுதியானால், பின்னர் வரும் பிழையை அமைதியாகத் தேடலாம்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் வடிவமைப்பு திறந்தது. அதைப் பார்த்து எவரும் பலகை செய்து தம் பெயரில் விற்கலாம். ஆகவே மலிவான மாற்றுப் பலகை எல்லாம் போலி அல்ல. பலவற்றில் கணினியுடன் பேசும் சிப் வேறாக, சிஎச் 340 என்று இருக்கும். கணினியில் அதற்குரிய இயக்கி மென்பொருளை ஏற்ற வேண்டியிருக்கலாம். அது தெரிந்தால் பயமின்றி வாங்கலாம்.

பற்றரி விடயம் அப்படியல்ல. 18650 என்ற லித்தியம் அயன் கலத்தின் இலக்கமே அதன் அளவைச் சொல்கிறது: விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர். அந்த அளவுக்குள் நல்ல நிறுவனங்கள் அடைப்பது ஏறத்தாழ 3500 மில்லி அம்பியர் மணி. உறையில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். நிறுத்துப் பார்த்தாலும் தெரியும்: நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும், போலி கையில் எடுத்தவுடனேயே இலேசாகத் தெரியும். லித்தியம் கலம் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், தொடக்கப் பிள்ளைகளுக்கு நாங்கள் சாதாரண ஏஏ பற்றரியையே கொடுக்கிறோம்.

இனி, வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் உங்களிடம் வருகிறோம்.

நீங்கள் வாழும் நகரங்கள் பல இந்தத் துறையின் பெரும் சந்தைகள். சிங்கப்பூரில் சிம் லிம் டவர், சென்னையில் ரிச்சி தெரு, கோலாலம்பூரில் ஜாலான் பசார், தோக்கியோவில் அகிஹாபாரா எல்லாம் உதிரிப்பாகத்துக்குப் பெயர்பெற்ற இடங்கள். இங்கிலாந்தில் லீட்சில் தொடங்கிய பார்னெல், அமெரிக்காவின் மினசோற்றாவில் உள்ள டிஜி-கீ போன்ற விற்பனையாளர்கள் ஒன்று இரண்டாகவும் விற்பார்கள். டிஜி-கீயின் கதையே ஒரு பொழுதுபோக்காளரின் கதைதான். வானொலி ஆர்வலர்களுக்காக ஒருவர் செய்து விற்ற சிறு மின்சுற்றுப் பெட்டியிலிருந்து 1972இல் அது தொடங்கியது. அப்படிப்பட்ட கடைகளில் வாங்கினால் பொருள் உண்மையானதா என்ற கவலை இல்லை.

நீங்கள் அன்போடு கேட்பது: "என்ன அனுப்ப?" எங்கள் பதில் ஐந்து.

முதலாவது, எங்களைக் கேட்டு அனுப்புங்கள். பளபளப்பான பெட்டியில் முழுமையாக வரும் றோபோத் தொகுதி நல்ல பரிசுதான். ஆனால் அதில் ஒரு பாகம் உடைந்தால் அதே நிறுவனத்தின் பாகமே வேண்டியிருக்கும், இங்கே கிடைக்காது, பெட்டி அலுமாரிக்குப் போய்விடும். அதே காசுக்கு உணரிகளும் மோட்டார்களும் ஒரு நல்ல பல்மானியும் வந்தால் பல ஆண்டு பயன்படும். பிள்ளைகள் இலக்கம், அளவு, மாற்று எல்லாம் எழுதிய சிட்டையைத் தவணைக்கு ஒருமுறை தயாரிக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, லித்தியம் பற்றரியைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். விமானத்தில் உதிரியான லித்தியம் கலம் கையோடு கொண்டுசெல்லும் பையில் மட்டுமே வரலாம். முனைகளை மூடியிருக்க வேண்டும். பற்றரியை இங்கேயே பார்த்து வாங்கிக்கொள்வோம்.

மூன்றாவது, சுங்க விதிகளும் இறக்குமதி விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுபவை. பொதி கட்டுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொருளின் பெயரையும் பெறுமதியையும் உள்ளபடியே எழுதுங்கள்.

நான்காவது, உள்ளூரிலும் கொழும்பிலும் அலுவலகங்களில் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒதுக்கி வைத்த அச்சுப்பொறி, ஸ்கானர், பழைய கணினி போன்றவற்றை நிறுவன அனுமதியோடு எங்களுக்குத் தாருங்கள். உங்களுக்குக் குப்பை, எங்களுக்குப் படிமோட்டார்.

ஐந்தாவதே பெரியது. நேரம் தாருங்கள். உங்களில் பொறியியலாளர்கள் இருக்கிறீர்கள், வைத்தியசாலைக் கருவிகளோடு வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள், தொழிற்சாலைகளில் தரம் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியில் வந்து, ஒரு தரவுத்தாளைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு, எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது, எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். பொதியில் வரும் மோட்டார் ஒரு வண்டியை ஓட்டும். உங்கள் ஒரு மணித்தியாலம், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் எந்த மோட்டாரையும் தெரிந்தெடுக்க உதவும்.

கழக அறையில் இப்போது சிறிய இழுப்பறைகள் உள்ள அலுமாரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பொருளின் பெயரைப் பிள்ளைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எடுத்தால் கொப்பியில் பதிவு. முடியும் தறுவாயில் இருந்தால் சிவப்பு மையில் குறிப்பு. வரவு செலவு பார்ப்பது, விலை விசாரிப்பது, மூன்று கடையின் விலையை ஒப்பிடுவது, கடிதம் எழுதுவது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவே. இவர்களில் எல்லோரும் பொறியியலாளர் ஆகப் போவதில்லை. ஆனால் தனக்குத் தேவையானது என்ன, அது ஏன் தேவை, அது இல்லாவிட்டால் எது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பெண்ணை எந்தக் கடையிலும், எந்தக் காரியாலயத்திலும் இலகுவில் திருப்பி அனுப்பிவிட முடியாது.

விழா முடிந்ததும் அறை திறந்திருக்கும். வண்டிகள் ஓடும், சில நிற்கும். நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் போய், "எந்தச் சாமான் தேவை?" என்று கேளுங்கள். அவள் உங்களுக்கு இலக்கத்தோடு சொல்லுவாள். இந்தத் தவணைச் சிட்டையின் பிரதிகள் வாசலில் இருக்கின்றன. போகும்போது ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.